வீட்டு ஃபிரிட்ஜில் எஜெக்டர்: ஒரு ஆர்-600ஏ பெட்டியின் வரவு செலவு

வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரிலிருந்து திரவமாகி வெளியே வரும் குளிர்பதனக் கேஸிடம் கணிசமான அழுத்தம் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டது கம்ப்ரசர், அதற்குக் கரண்ட் கட்டணம் கட்டியது வீட்டுக்காரர். கேபிலரி என்னும் மெல்லிய குழாய் அந்த அழுத்தத்தை மூன்று மீட்டர் நீளத்தில் உராய்ந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. வீணாகும் இந்த வேலையில் ஒரு பங்கையாவது திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் எஜெக்டர்.

எஜெக்டரில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. குறுகிய நாசில் (தாரை வாய்) வழியே திரவம் பாதி ஆவியாகிச் சீறிப் பாய்கிறது. அந்தத் தாரை பக்கத்து வாயிலிருந்து குளிர்ந்த ஆவியை இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் போகிறது. கலவை டிஃப்யூசரில் (படிப்படியாக அகலும் குழாயில்) விரியும்போது வேகம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது. ஆவியாக்கியில் (குளிரூட்டும் காயிலில்) இருந்ததைவிடச் சற்று உயர்ந்த அழுத்தத்தில் கேஸ் கம்ப்ரசருக்குப் போய்ச் சேர்வதால், கம்ப்ரசருக்கு அந்த அளவு வேலை மிச்சம்.

இது பழைய யோசனை. விரிவு வேலையை மீட்க, திரவமும் ஆவியும் கலந்தோடும் எஜெக்டரை வைக்கும் சுற்றுக்கு நார்மன் கே 1931-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆர்-12 வாயுவுக்கு, ஆவியாக்கி மைனஸ் 15, கண்டென்சர் 30 டிகிரியில் சிஓபி (செலவிடும் வேலைக்கு எத்தனை மடங்கு குளிர்ச்சி என்ற விகிதம்) 21 சதவீதம் வரை கூடலாம் என்று 1990-இல் ஆய்வாளர் கோர்ன்ஹவுசர் கணக்குக் காட்டினார். ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார்பன் டை ஆக்சைடு சுற்றுகளில் இதை விற்பனைப் பொருளாக்கியது. 2009-இல் மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரின் ஏசிக்குள் ஆவியாக்கியோடு சேர்த்தே எஜெக்டரை வைத்தது. சூப்பர்மார்க்கெட் குளிர்பதன அறைகளில் இன்று கார்பன் டை ஆக்சைடு எஜெக்டர் சாதாரணச் சரக்கு. வீட்டு ஃபிரிட்ஜில் மட்டும் அது இன்னும் கட்டுரைகளிலும் சோதனை மேசைகளிலுமே நிற்கிறது. ஏன் என்பதை ஒரு குறிப்பிட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்காகவே பார்த்துவிடலாம்.

கணக்குக்கு எடுத்த பெட்டி

இரண்டு கதவு, ஃப்ராஸ்ட்-ஃப்ரீ, வாயு ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓடும் நேரத்தில் 100 வாட் குளிர்ச்சி. கண்டென்சர் 40 டிகிரி, காயில் மைனஸ் 25 டிகிரி. இந்த வெப்பநிலைகளில் அழுத்தம் முறையே சுமார் 531, 58 கிலோபாஸ்கல் (முழு அழுத்தம், கேஜ் அளவு அன்று). ஃப்ரீசருக்குப் பின்னால் ஒரே காயில். மேலும் கீழும் இருந்து திரும்பும் காற்று கலந்து மைனஸ் 13 டிகிரியில் காயிலுக்குள் நுழைந்து மைனஸ் 21-இல் வெளியேறுகிறது. அதற்குத் தேவையான காற்றோட்டம் வினாடிக்கு 9 லிட்டர். இவை எந்தக் கம்பெனியின் அளவீடும் அன்று. இந்த வகைப் பெட்டிக்கு ஒத்துவரும் வடிவமைப்புப் புள்ளிகள். கம்ப்ரசரை இழப்பே இல்லாத இலட்சியக் கம்ப்ரசராகவே வைத்திருக்கிறோம். உண்மையான கம்ப்ரசரில் சிஓபி இதைவிட நன்றாகக் குறையும். ஆனால் அமைப்புகளுக்கு இடையிலான விகிதம் பெரிதாக மாறாது.

முதலில் வெறும் கேபிலரி. ஒரு கிலோ கேஸ் 224 கிலோஜூல் குளிர்ச்சி தருகிறது. அதை அழுத்த 80.5 கிலோஜூல் வேலை. சிஓபி 2.78. இதே கிலோ கேஸ் கேபிலரியில் உராயாமல் முறையாக விரிந்திருந்தால் 17.4 கிலோஜூல் வேலை கிடைத்திருக்கும். கம்ப்ரசர் வேலையில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எஜெக்டர் பற்றிய உற்சாகமெல்லாம் இந்த 17.4-இலிருந்துதான் பிறக்கிறது.

நல்ல எஜெக்டர்கூட இதில் முழுவதையும் மீட்காது. நாசிலில் கொஞ்சம் போகும், மெதுவான ஆவியும் வேகமான தாரையும் மோதிக் கலக்கும் இடத்தில் நிறையப் போகும், டிஃப்யூசரில் மிச்சம் போகும். சிறிய அளவில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தால் அது நல்ல எஜெக்டர். கீழே எல்லாக் கணக்கிலும் இந்த 20-ஐத்தான் வைத்திருக்கிறோம்.

கே காட்டிய சுற்று இப்படி: எஜெக்டருக்குப் பின் ஒரு பிரிகலன், அதில் மேலே நிற்கும் ஆவி கம்ப்ரசருக்கு, கீழே நிற்கும் திரவம் ஆவியாக்கிக்கு. நம் பெட்டியில் இதை வைத்தால் கம்ப்ரசர் உறிஞ்சும் அழுத்தம் 58-இலிருந்து 67 கிலோபாஸ்கலுக்கு ஏறும். டிகிரியில் சொன்னால் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. சிஓபி 3.03. வெறும் கேபிலரியைவிட 9 சதவீதம் கூடுதல்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் வெறும் கேபிலரியோடு எந்த வீட்டு ஃபிரிட்ஜும் வருவதில்லை.

சக்ஷன் லைன் ஒட்டு என்ற போட்டியாளர்

பெட்டியின் பின்புறத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கேபிலரி குழாய் சக்ஷன் லைனோடு (காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய்) ஒட்டி ஈயம் வைக்கப்பட்டிருக்கும், அல்லது அதற்குள்ளேயே நுழைத்துவிடப்பட்டிருக்கும். காயிலிலிருந்து மைனஸ் 25-இல் வரும் ஆவி, கேபிலரியில் இறங்கும் சூடான திரவத்தைக் குளிர்விக்கிறது. சக்ஷன் லைனில் வெளிப்புறம் வியர்க்காமல் இருக்கவும், கம்ப்ரசருக்குள் திரவம் போய் அடிக்காமல் இருக்கவும் இது வேண்டும். ஐசோபியூட்டேனில் இன்னொரு லாபமும் உண்டு. ஆவி 25 டிகிரி வரை சூடேறிவிட்டால் குளிர்ச்சி கிலோவுக்கு 301 கிலோஜூல், வேலை 97.5, சிஓபி 3.09. அதாவது ஒரு துண்டு ஈயம் 11 சதவீதம் தருகிறது. எஜெக்டரும் பிரிகலனும் சேர்ந்து கொடுத்த 9-ஐவிட இது அதிகம்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் 20 சதவீதம் வந்துவிடும் என்று தோன்றும். வராது, ஏனென்றால் இரண்டும் ஒரே இலையில் சாப்பிடுகின்றன. திரவம் நாசிலுக்கு வருவதற்கு முன்பே 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால், அது விரியும்போது கிடைக்கும் வேலை 17.4-இலிருந்து 6 கிலோஜூலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குளிர்ந்த திரவத்தில் உடனே கொதிப்பதற்கு வெப்பம் இல்லை. கொதிக்காவிட்டால் ஆவி இல்லை. ஆவி இல்லாவிட்டால் தாரைக்கு வேகம் இல்லை. அந்த மிச்சத்தில் 20 சதவீதத்தை மீட்டால் சிஓபியில் கூடுவது 2 சதவீத அளவு.

கோர்ன்ஹவுசரின் 21 சதவீதம் போன்ற எண்களைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒப்பீட்டுக்கு எடுத்த அடிப்படைச் சுற்றில் சக்ஷன் லைன் வெப்பப் பரிமாற்றம் இருக்கிறதா என்பது. அவருடைய அடிப்படை சாதாரணச் சுற்று. வீட்டு ஃபிரிட்ஜின் அடிப்படை அது அன்று.

இரண்டு காயில் சுற்று

ஆகவே ஒட்டை முழுவதும் எடுக்காமல், எஜெக்டருக்குப் போகும் திரவத்தையும் குளிர்விக்காமல் ஒரு வழி தேட வேண்டும். கண்டென்சருக்கு அடுத்தே திரவத்தை இரண்டாகப் பிரிக்கும் சுற்று இதற்குப் பொருந்துகிறது. பெரிய பங்கு நேராக நாசிலுக்குப் போகும். சிறிய பங்கு கேபிலரி வழியே மைனஸ் 25 காயிலுக்குப் போய் ஆவியாகி, எஜெக்டரின் பக்கவாயால் இழுக்கப்படும். இரண்டும் கலந்து டிஃப்யூசரை விட்டு வரும் ஈரக் கலவை மைனஸ் 20 காயிலில் முழுவதும் ஆவியாகிக் கம்ப்ரசருக்குப் போகும். பிரிகலன் வேண்டாம். கம்ப்ரசர் எண்ணெய் எங்கேயும் தேங்காமல் ஓட்டத்தோடு திரும்பி வரும். பிரிகலன் வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை: 50 மில்லி பிரிகலன் ஒன்று மைனஸ் 20-இல் 30 கிராம் திரவத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்தச் சார்ஜே (உள்ளே இருக்கும் கேஸ்) 40 முதல் 60 கிராம் இருக்கும் பெட்டியில் அது கிட்டத்தட்டப் பாதி மடங்கு கூடுதல். எரியும் வாயுவுக்கு வீட்டுக் கருவிகளில் பழக்கத்தில் உள்ள உச்சவரம்பு 150 கிராம்.

இந்த ஐந்து டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃப்ரீசர் காயில் மைனஸ் 25, கீழ்ப் பெட்டிக் காயில் மைனஸ் 5, நடுவில் ஒரு எஜெக்டர் என்று வரைந்துவிடுவது சுலபம். 58 கிலோபாஸ்கலில் இருக்கும் ஒரு கிலோ ஆவியை 131-க்கு, அதாவது மைனஸ் 5 டிகிரிக்கு ஏற்ற சுமார் 28 கிலோஜூல் வேண்டும். நாசிலில் அந்த அழுத்தம் வரை கிடைப்பது 8.4; அதில் 20 சதவீதம் 1.7. ஆக ஒரு கிலோ நாசில் ஓட்டம் இழுக்கக்கூடிய ஃப்ரீசர் ஆவி 60 கிராம். ஃப்ரீசர் ஐஸ் கட்டாது. மைனஸ் 20-க்கு மட்டும் ஏற்றுவதென்றால் கிலோவுக்கு 7.6 கிலோஜூல் போதும். கையில் இருப்பது 14.7-இல் 20 சதவீதம், 2.9. ஒரு கிலோ நாசில் ஓட்டத்துக்கு 390 கிராம் ஆவி. இது நடக்கும்.

சின்ன பங்கின் கேபிலரியை மட்டும் சக்ஷன் லைனோடு ஒட்டலாம். அந்தத் திரவம் மைனஸ் 10 வரை குளிர்ந்து, மைனஸ் 25 காயிலின் பங்கை 27-இலிருந்து 36 சதவீதத்துக்கு உயர்த்தும். நாசில் ஓட்டம் சூடாகவே இருக்கும். கணக்கு இப்படி முடிகிறது:

| அமைப்பு | குளிர்ச்சி, கிலோஜூல்/கிலோ | கம்ப்ரசர் வேலை, கிலோஜூல்/கிலோ | சிஓபி |
|---|---|---|---|
| வெறும் கேபிலரி | 224 | 80.5 | 2.78 |
| பிரிகலனோடு எஜெக்டர், ஒட்டு இல்லை | 228 | 75.3 | 3.03 |
| கேபிலரி, முழு ஒட்டு (இன்றைய பெட்டி) | 301 | 97.5 | 3.09 |
| இரண்டு காயில் எஜெக்டர், பகுதி ஒட்டு | 264 | 80 | 3.31 |

இன்றைய பெட்டியைவிட 7 சதவீதம். ஐந்து டிகிரி வித்தியாசமுள்ள இரண்டு காயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே காற்றுப் பாதையில் அடுக்கிவிடலாம்: முதலில் மைனஸ் 20, அதன்பின் மைனஸ் 25. பிரியஸ் ஏசியிலும் காற்று முதலில் தொடுவது வெப்பம் கூடிய பகுதியைத்தான்.

ஏழில் ஆறு யாருடையது

காயில் பரப்பைக் கணக்கில் எடுக்காதவரை 7 சதவீதம் அழகாகத் தெரியும். இன்றைய ஒற்றைக் காயில் காற்றை மைனஸ் 13-இலிருந்து மைனஸ் 21-க்கு இறக்க, காயிலுக்கும் காற்றுக்கும் இடையே 12 டிகிரி இடைவெளியில் வேலை செய்கிறது. வெப்பப் பரிமாற்ற எண் (காற்றோட்டத்தோடு ஒப்பிட்டுக் காயிலின் பரப்பைக் காட்டும் அளவு) 1.1 போதும். புது அடுக்கில் முதல் காயில் மைனஸ் 20-இல் நின்றுகொண்டு காற்றை மைனஸ் 18-க்கு இறக்க வேண்டும். இடைவெளி கடைசியில் இரண்டு டிகிரிக்கும் குறைவு. அதற்கு 1.3, இரண்டாவதற்கு 0.55, மொத்தம் 1.85. அதாவது மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் காயில்.

அந்தக் கூடுதல் காயிலை எஜெக்டர் இல்லாத சாதாரணப் பெட்டிக்கே கொடுத்தால் என்ன ஆகும்? ஆவியாக்கி வெப்பநிலை மைனஸ் 25-இலிருந்து மைனஸ் 22.5-க்கு ஏறும். இந்த எல்லையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 2.4 சதவீதம் சிஓபி கூடுகிறது. ஆகச் சாதாரணப் பெட்டி 3.09-இலிருந்து சுமார் 3.27-க்கு வந்துவிடும். எஜெக்டர் பெட்டி 3.31. எஜெக்டருக்கென்று உண்மையில் எழுதத்தக்கது ஒரு சதவீதம். மீதி ஆறும் அலுமினியத் தகடு சம்பாதித்தது.

இந்த ஒரு சதவீதம் நிலையானதும் அன்று. கண்டென்சர் 50 டிகிரியில் ஓடினால் நாசிலில் கிடைக்கும் வேலை 14.7-இலிருந்து 19.6 ஆகிறது; இழுக்கும் ஆவி கூடுகிறது; எஜெக்டரின் சொந்தப் பங்கு 2 சதவீதத்தைத் தொடுகிறது. சித்திரை வெயிலில் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியில்தான் எஜெக்டர் நன்றாக வேலை செய்யும் என்பது ஒரு வேடிக்கை. மாறாகக் கண்டென்சர் 24 டிகிரியில் இருந்தால் கிடைப்பது 8-க்கும் குறைவு, பாதிதான். ஃபிரிட்ஜ்களுக்கான சர்வதேசத் தரமான ஐஈசி 62552-இன் சோதனை 16 டிகிரி அறையிலும் 32 டிகிரி அறையிலும் நடப்பதால், முதல் அறையில் எஜெக்டர் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

எஜெக்டரின் திறனைக் கூட்டுவது இதைவிடப் பெரிய நெம்புகோல். அது 20-இலிருந்து 30 ஆனால், ஒரு கிலோ நாசில் ஓட்டம் 580 கிராம் ஆவியை இழுக்கும். மைனஸ் 25 காயிலின் பங்கு 46 சதவீதமாகும். காயில் பரப்பின் கூடுதல் தேவையும் குறையும். எல்லாம் கழித்து எஜெக்டரின் சொந்தப் பங்கு 3 சதவீதத்துக்கு மேல். ஆகவே வீட்டு ஃபிரிட்ஜில் எஜெக்டர் ஆராய்ச்சி என்பது சுற்று வரைபட ஆராய்ச்சியாக இருப்பதைவிட நாசில் ஆராய்ச்சியாக இருப்பதே பயன் தரும். நாசில்தான் தொல்லையும்.

கால் மில்லிமீட்டர் துளை

100 வாட் குளிர்ச்சிக்கு நாசிலில் வினாடிக்கு 0.27 கிராம், பக்கவாயில் 0.11 கிராம். 40 டிகிரியில் கொதிநிலையிலேயே நிற்கும் திரவம் நாசில் கழுத்தில் சமநிலையில் கொதிப்பதாகக் கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 4,250 கிலோ பாயும். அதிலிருந்து கழுத்தின் விட்டம் 0.28 மி.மீ. உண்மையில் திரவம் கொதிக்கத் தாமதிப்பதால் இதே துளையில் கூடுதலாகப் பாயும். எனவே முதல் நாசிலை 0.25-இல் துளைத்து, ஓட்டம் அளந்து, பிறகு பெரிதாக்குவது பாதுகாப்பு. பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. 0.28-இல் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பரப்பு 7 சதவீதம் மாறிவிடும். சாதாரணத் துளைப்பான் இங்கே உதவாது. மின்பொறி அரிப்பில் துளைத்து, உள்ளே மெருகிட வேண்டும். உலோக 3டி அச்சில் வரும் சொரசொரப்பு இந்த அளவில் கழுத்தையே தின்றுவிடும்.

தாரையின் வேகம் 170 மீட்டர்/வினாடி அளவு. ஆவியோடு கலந்தபின் 120 சொச்சம். அதற்கான கலவைக் குழாயின் விட்டம் 1.15 மி.மீ., நீளம் விட்டத்தைப்போல் 8 முதல் 10 மடங்கு, அதாவது 9–12 மி.மீ. டிஃப்யூசரின் மொத்தக் கோணம் 6 டிகிரியைத் தாண்டினால் ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும், 1.15-இலிருந்து 5 மி.மீ. வரை விரிய 37 மி.மீ. நீளம் வேண்டும். பக்கவாய்க்கு உள்விட்டம் 6 மி.மீ. குழாய் போதும், ஆவி வேகம் 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நாசில் முனைக்கும் கலவைக் குழாய் வாய்க்கும் இடைவெளியைக் கலவைக் குழாய் விட்டத்தின் ஒன்று முதல் இரண்டு மடங்குக்குள் நகர்த்திப் பார்க்கும்படி முதல் மாதிரியில் மரை வைத்துக்கொள்ள வேண்டும். நாசிலும் கலவைக் குழாயும் ஒரே அச்சில் 0.05 மி.மீ.க்குள் நிற்காவிட்டால் தாரை ஒரு பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டு போகும். அழுத்த ஏற்றம் பாதிக்குப் பாதி போனாலும் ஆச்சரியமில்லை.

பொருத்தும் வரிசை

பழைய பெட்டியில் மாதிரி செய்வதானால் வரிசை முக்கியம். முதலில் எதையும் மாற்றாமல் பெட்டியை 32 டிகிரி அறையில் நிலைத்த ஓட்டத்தில் அளந்துவிட வேண்டும்: ஒரு நாள் யூனிட், ஓடும் நேர விகிதம், காயிலின் நுழைவு வெளி வெப்பநிலை, சக்ஷன் லைன் வெப்பநிலை. அடுத்து காயிலை மட்டும் பெரிதாக்கி மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவீடு இல்லாமல் எஜெக்டர் வைத்தால், கடைசியில் வரும் எண் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதன்பின் கேஸை வெளியேற்றி, நைட்ரஜன் ஊதி, வெட்ட வேண்டும். ஐசோபியூட்டேன் காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஃப்ரீசர் அறைக்குள் தேங்கிய கேஸோடு வெல்டிங் டார்ச் ஏற்றுவது உயிர்ப் பிரச்சினை. கடைசி இணைப்புகளை லாக்ரிங் (குழாய்களை இறுக்கிச் சேர்க்கும் வளையம்) கொண்டு நெருப்பில்லாமல் முடிப்பது நல்லது.

டிரையரை (ஈரம் உறிஞ்சும் வடிகட்டி) செங்குத்தாக, வெளிவாய் கீழே பார்க்கும்படி நிறுத்தி, அதற்கு அடுத்தே ஓட்டத்தைப் பிரிக்கும் T வடிவ இணைப்பான டீயை வைக்க வேண்டும். டீயில் குமிழி வந்தால் குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பட்டினி. நாசில் பக்கம் தனியாக ஒரு நுண்சல்லடை அவசியம். அதன் கண் கழுத்து விட்டத்தில் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே, அதாவது 50 மைக்ரானுக்குள். நாசிலுக்குப் போகும் குழாயைச் சக்ஷன் லைனிடமிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். கண்டென்சர் முடிவில் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் குளிர்வு போதும், குமிழி வராமல் இருக்க. அது 10 டிகிரியானால் நாசில் வேலையில் 30 சதவீதம் போய்விடும்.

மைனஸ் 25 காயிலுக்கான கேபிலரியில் ஓட்டம் பழைய பெட்டியின் மூன்றில் ஒரு பங்குதான். பழைய கேபிலரியை அப்படியே விட்டால் திரவம் அந்தப் பக்கமே கொட்டும், எஜெக்டர் இழுக்க முடியாமல் திணறும். நீளமான கேபிலரியில் தொடங்கி, நைட்ரஜன் ஓட்டம் பார்த்துச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு வர வேண்டும்.

எஜெக்டரை ஃபோமுக்குள் புதைக்கக் கூடாது. காயில் மூடியின் பின்னால், காற்றுக் குழாய்க்குள், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தாரையின் சீறல் சத்தம் வரவேற்பறையில் கேட்கும் என்பதால் பியூட்டைல் மெழுகுப் பட்டையைச் சுற்றி, மூடித் தகட்டைத் தொடாமல் நிறுத்த வேண்டும். பனி முதலில் படிவது மைனஸ் 20 காயிலில். அதன் முன்வரிசைத் தகடுகளுக்கு 8–10 மி.மீ. இடைவெளி விட்டு, பின்வரிசையில் நெருக்கலாம். டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இரண்டையும் எட்ட வேண்டும்.

கம்ப்ரசரைப் பழையதாகவே விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. உறிஞ்சும் கேஸின் அழுத்தம் கூடி, வெப்பமும் குறைந்துவிடுவதால் அதே 100 வாட்டுக்குத் தேவையான கொள்ளளவு வினாடிக்கு 0.24 லிட்டரிலிருந்து 0.20-க்கு இறங்குகிறது. பழைய கம்ப்ரசர் இதைவிட அதிகம் உறிஞ்சும். காயில் இரண்டும் மேலும் குளிர்ந்து, சம்பாதித்த டிகிரிகள் கரைந்துவிடும். பெட்டி சீக்கிரம் குளிர்ந்து சீக்கிரம் நிற்கும், அடிக்கடி ஓடும். மீட்டரில் மிச்சம் தெரியாது. ஆறில் ஒரு பங்கு சிறிய கம்ப்ரசர், அல்லது இன்வெர்ட்டராக (வேகம் மாற்றக்கூடிய கம்ப்ரசராக) இருந்தால் அதற்கேற்ற குறைந்த சுழற்சி வேகம் தேவை.

இன்வெர்ட்டரோ வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இரவில் அது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்போது நாசிலுக்கு அந்த அளவு திரவம் இல்லை. கண்டென்சர் காலியாகி ஆவியும் சேர்ந்து நாசிலுக்குள் போகும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தரும் மிச்சம் எஜெக்டர் தருவதைவிடப் பெரியது. இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் இன்வெர்ட்டரை எடுக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் நாசிலை அந்தப் பெட்டி அதிக நேரம் ஓடும் குறைந்த வேகத்துக்கு அளவெடுக்க வேண்டும். உச்ச வேகத்தில் மிஞ்சும் திரவத்தைக் கேபிலரி பக்கம் வாங்கிக்கொள்ளும்.

கெடும்போது எப்படித் தெரியும்

இரண்டு காயில்களின் நுழைவிலும் ஒவ்வொரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) கட்டி வைத்தால் குழாயைத் திறக்காமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் எஜெக்டர் இழுக்கிறது. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வந்து, கண்டென்சரின் கடைசிச் சுற்றுகள் குளிர்ந்து கிடந்தால் கழுத்து அடைத்திருக்கிறது; திரவம் கண்டென்சரில் தேங்குகிறது. வித்தியாசம் இல்லை, ஆனால் கண்டென்சர் முடிவு வெதுவெதுப்பாகவும் அங்கே சலசலப்பும் இருந்தால் சார்ஜ் குறைவு. மைனஸ் 25 காயிலின் வெப்பநிலை மற்றதைவிட மேலே போனால் எஜெக்டர் பம்பாக இல்லாமல் வெறும் அடைப்பாக நிற்கிறது: தாரை பலவீனம், 1.15 மி.மீ. குழாய் ஆவியின் கழுத்தைப் பிடிக்கிறது. குளிர்ந்த அறையில் கொஞ்ச நேரம் இப்படிக் காட்டுவது இயல்பு. 32 டிகிரியிலும் காட்டினால் நாசில் அச்சு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு வித்தியாசம் மறைந்து, நிறுத்தி வைத்துத் தொடங்கினால் மறுபடி வந்தால் அது ஈரம். கேஸில் கலந்த நீர் கழுத்தை ஒட்டி, 0 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் பனிக்கட்டியாகிறது. 0.7 மி.மீ. கேபிலரியில் பொறுத்துப்போகும் ஈரம்கூட 0.28-இல் பொறுக்காது. இங்கே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 58 கிலோபாஸ்கல் என்பது வளிமண்டலத்தைவிடக் குறைவு. தாழ்பக்க இணைப்பில் கசிவு இருந்தால் கேஸ் வெளியே போவதற்கு முன் காற்றும் ஈரமும் உள்ளே வரும். எஜெக்டர் சுற்று புதிதாகச் சேர்க்கும் இணைப்புகள் பெரும்பாலும் தாழ்பக்கத்தில்தான் இருக்கின்றன. சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதை ஓடும் நேரத்தில் செய்து பயனில்லை. நிறுத்தி, அழுத்தம் சமமானபின், அல்லது நைட்ரஜன் ஏற்றிப் பார்க்க வேண்டும். வேக்குவம் இழுத்தபின் மூடி வைத்து, அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது.

அழுத்த அளவி வைப்பதானால் இரண்டும் முழு அழுத்தம் காட்டுபவையாக, 0–200 கிலோபாஸ்கல் எல்லையில் இருக்கட்டும். அளக்க வேண்டிய ஏற்றமே 14 கிலோபாஸ்கல்தான். சர்வீஸ் கேஜின் முள் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். ஆவி ஓட்டத்தை நேரடியாக அளப்பது இந்தச் சின்ன அளவில் செலவு பிடித்த வேலை. இரண்டு காயில்களையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து, வெப்பநிலை மாறாமல் நிற்க ஒவ்வொன்றிலும் எத்தனை வாட் ஹீட்டர் ஓடுகிறது என்று பார்த்தால் ஓட்டம் கணக்கில் வந்துவிடும்.

யூனிட் கணக்கு

ஆண்டுக்கு 200 யூனிட் எடுக்கும் பெட்டி, அதில் கம்ப்ரசர் பங்கு 170 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத எஜெக்டரின் சொந்தச் சம்பாத்தியம் ஆண்டுக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. 30 சதவீத எஜெக்டருக்கு ஐந்து, ஆறு யூனிட். காயிலைப் பெரிதாக்கினால் பத்து. இன்றைய நிலையில் ஒரு தயாரிப்பாளர் கையில் இருக்கும் பணத்தை முதலில் காயிலிலும், அடுத்து இன்வெர்ட்டர் கம்ப்ரசரிலும், சுவர்க் காப்பிலும், கதவு கேஸ்கெட்டிலும் போடுவதே முறை. இவை எல்லாவற்றையும் செய்துமுடித்து, காயிலுக்கு இனி இடமே இல்லை என்ற நிலையில் இருக்கும் பெரிய ஃப்ராஸ்ட்-ஃப்ரீ பெட்டியில், 40 டிகிரிக்கு மேல் கண்டென்சர் ஓடும் ஊருக்காக, 30 சதவீதத்தைத் தொடும் நாசில் கிடைக்கும்போது எஜெக்டரை எடுக்கலாம். ஒற்றைக் கதவு டைரக்ட்-கூல் பெட்டிக்கு இதைப் பரிசீலிக்கவே வேண்டியதில்லை: ஒரே தகட்டு ஆவியாக்கி, இரண்டாவது வெப்பநிலைக்கு இடமில்லை, ஓட்டமும் சிறியது, நாசில் கழுத்து 0.2 மி.மீ.க்கு இறங்கிவிடும், அதை அடைக்க ஒரு ஈயத் துணுக்கு போதும்.